மலிவு நிலமும் முழு இருட்டும்: எல்லையோரக் கொட்டகைகளும் கார் தியேட்டர்களும் மறைந்த கதை

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காடு போகும் சாலையோர ஊர்களில், அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் சின்ன வயதில் கீற்றுக் கொட்டகையில் பார்த்த சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால், படத்தின் கதையை யாரும் முதலில் சொல்வதில்லை. மணலைச் சொல்வார்கள். முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து மேடாக்கி ஏறி உட்கார்ந்ததையும், பின்னால் இருந்தவர் அந்த மேட்டைக் காலால் கலைத்துவிட்டதில் மூண்ட சண்டையையும் சொல்வார்கள். ரீல் மாற்றும் நேரத்தில் எரிந்த குண்டு பல்பு, அதைச் சுற்றிய ஈசல், வீடு திரும்பும்போது மடியிலிருந்து உதிர்ந்த மணல் என்று பேச்சு நீளும். காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்களைப் பற்றி அதே வயது அமெரிக்கர்கள் எழுதுவதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. கார்க் கண்ணாடியில் மாட்டிய ஒலிபெருக்கி, பின் இருக்கையில் போர்வைக்குள் தூங்கிப்போனது, கொசு. பார்த்த படம் மறந்துவிட்டது, பார்த்த இடம் மறக்கவில்லை.

ஒன்று கார் வைத்திருந்தவர்களுக்காக ஏற்பட்டது. மற்றது கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் வந்தவர்களுக்காக ஏற்பட்டது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் எதை வைத்துப் பிழைத்தன, எதனால் போயின என்று பார்த்தால் ஒரே கணக்குத்தான் வருகிறது. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த நிலம், தெருவிளக்கு எட்டாத இருட்டு, மழையும் காற்றும் அடங்கிய மாதங்கள். இந்த மூன்றின் மேல்தான் இரண்டும் நின்றன. டி.வி. வந்து கெடுத்துவிட்டது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நிலத்தில் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் கார் தியேட்டர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக்காரரான ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் தன் வீட்டு வாசலிலேயே சோதனையைத் தொடங்கினார். இரண்டு மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டினார். காரின் முன்பக்கத்தின்மேல் புரொஜெக்டரை ஏற்றி வைத்தார். திரைக்குப் பின்னால் ரேடியோவை வைத்து ஒலி எப்படி வருகிறது என்று கேட்டார். மழை பெய்தால் என்ன ஆகும் என்று தண்ணீரைப் பீய்ச்சியடித்தும் பார்த்தார். அவரைப் பெரிதும் வாட்டியது, முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்கும் காரை மறைக்குமே என்ற கவலைதான். முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்துத் தூக்கித் தூக்கி, எந்தச் சரிவில் நிறுத்தினால் முன்னிருக்கும் காரின் கூரைக்கு மேலாகத் திரை தெரியும் என்று கண்டுபிடித்தார். 1933 மே மாதம் காப்புரிமை கிடைத்தது, அதே ஆண்டு ஜூன் 6ஆம் தேதி கேம்டன் நகருக்கு அருகே தியேட்டரைத் திறந்தார். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், ஒரு காரில் எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் வாங்குவதில்லை. மணல்மேடு கட்டிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அவரும் மல்லுக்கட்டியது ஒரே சிக்கலோடுதான்.

அந்த முதல் தியேட்டரில் ஒலி பெரும் தொல்லையாக இருந்தது. திரையருகே பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். முன்வரிசைக் காரில் இருந்தவருக்குக் காது கிழிந்தது. கடைசி வரிசையில் இருந்தவருக்கு, நடிகரின் உதடு அசைந்து ஓய்ந்த பிறகு வசனம் வந்து சேர்ந்தது. அக்கம்பக்கத்தார் தூங்க முடியவில்லை என்றார்கள். 1940களில் காருக்கு ஒன்றாகச் சின்ன ஒலிபெருக்கி வந்தது. பிற்பாடு காரின் ரேடியோவிலேயே வசனம் கேட்கும்படி ஆயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் குடும்பங்கள் நகரத்தை விட்டு வெளியே வீடு கட்டிக் குடியேறின. எல்லோரிடமும் கார் இருந்தது, சாலையோரத்தில் காலி நிலம் கிடந்தது. 1950களின் கடைசியில் அந்த நாட்டில் 4,000க்கும் மேற்பட்ட டிரைவ்-இன் தியேட்டர்கள் இருந்தன.

நம் பக்கத்துக் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். விலை 2,250 ரூபாய். ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். கணவாய்க்கு அந்தப் பக்கம், திருச்சூரில் காட்டூக்காரன் வாறுண்ணி ஜோசப் 1907இல் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் கோவையும் மேற்கே திருச்சூரும் சில ஆண்டு இடைவெளியில் கூடாரச் சினிமாவுக்கு வந்துவிட்டன. ரயில் பாதையும் திருவிழாக் கூட்டமும் இருந்த இடமெல்லாம் கூடாரம் போயிற்று.

கித்தான் கூடாரம் நாளடைவில் கீற்றுக் கொட்டகையாக மாறியது. எங்கள் பக்கத்தில் தென்னங்கீற்று, சித்தூர் பக்கத்தில் பனையோலையும் சேரும். சவுக்குக் கம்பமோ பனங்கட்டையோ நட்டு, மேலே கீற்று வேய்ந்து, சுற்றிலும் தட்டி கட்டினால் கொட்டகை எழுந்துவிடும். பக்கவாட்டில் பாதித் தட்டி திறந்தே இருக்கும். கடைசி வரிசைக்காரர்களுக்குப் படமும் தெரியும், வயலும் தெரியும். ஆபரேட்டர் அறை மட்டும் செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக இருக்கும். தீப் பயம்தான் காரணம். முன்னால் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் சில மடக்கு நாற்காலிகள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர்.

சட்டத்தின் கண்ணிலும் இது தற்காலிகப் பொருள்தான். தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் டூரிங் சினிமாவுக்குக் குறைந்த காலத்துக்கான உரிமம்தான் கிடைக்கும். கெடு முடிந்தால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போக வேண்டும். அதனால் கொட்டகைக்காரர் நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் பிடித்தார். கடலையோ சோளமோ எடுத்துவிட்டுச் சும்மா கிடந்த மானாவாரிக் காடு, ஊரிலிருந்து கூப்பிடு தூரம், வண்டி வந்து திரும்ப ஒரு தடம். இவ்வளவு போதும். நிலக்காரருக்கும் அது லாபம்தான். வெள்ளாமை இல்லாத காட்டில் யாராவது குத்தகைப் பணம் தருகிறார் என்றால் யார் வேண்டாம் என்பார்?

காட்சி இரண்டுதான். பொழுது சாய்ந்ததும் முதல் ஆட்டம், சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இரண்டாம் ஆட்டம். பகல் காட்சி நடத்த வழியில்லை. தட்டி இடுக்கில் நுழையும் வெளிச்சத்தில் திரை வெளுத்துவிடும். ஆனால் ஒன்றில் நாம் கொடுத்துவைத்தவர்கள். பொள்ளாச்சி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருடம் முழுவதும் இங்கே சூரியன் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் மறைந்துவிடுகிறது. ஏழரை மணிக்குள் இருட்டு நிச்சயம். அமெரிக்காவின் வடபகுதிகளில் கோடையில் எட்டரை ஆனாலும் பொழுது இருக்கும். மழையும் குளிரும் இல்லாத அந்தக் கோடையை நம்பித்தான் டிரைவ்-இன் தொழில் நடந்தது, அந்தக் கோடையில்தான் இருட்டு மிகவும் தாமதமாக வந்தது. போதாக்குறைக்கு 1966இல் போட்ட சட்டத்தால் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம் நாடெங்கும் பரவியது. படம் தொடங்கவே ஒன்பதைத் தாண்டியதால், மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் குறைந்தார்கள். தியேட்டர்க்காரர்கள் அந்தக் கடிகாரச் சட்டத்தை எதிர்த்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

நம் எதிரி சூரியன் இல்லை, காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்திருக்கும் இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் கடலிலிருந்து வரும் காற்று முழுவதும் அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு எங்கள் பக்கம் பாயும். ஆனியும் ஆடியும் வந்தால் கொட்டகைக்காரருக்குத் தூக்கம் போய்விடும். கீற்று பிய்த்துக்கொண்டு பறக்கும், கித்தான் திரை பாய்மரமாக உப்பும், கதாநாயகியின் முகம் ஒரு பக்கம் கோணும். திரையில் ஆங்காங்கே ஓட்டை போட்டுக் காற்றை வெளியே விட்டவர்கள் உண்டு. மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கொட்டகையை மூடிவிட்டு, காற்று ஓய்ந்ததும் புதுக் கீற்று வேய்ந்து திறந்தவர்களும் உண்டு. உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இன்று காற்றாலைகளைச் சுழற்றுவது அன்று திரையைக் கிழித்த அதே காற்றுதான்.

கணவாயின் இரண்டு முனைகளிலும் மழை ஒன்றாகப் பெய்வதில்லை. பாலக்காட்டுப் பக்கம் இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், பிடிக்கும் மழை எளிதில் விடாது, துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழை தனியாக வரும். வருடத்தில் பாதி நாள் திறந்தவெளிச் சினிமாவுக்கு உதவாது. கேரளத்துக்குள்ளேயே இருந்தாலும் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரமான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் மழை மறைவுப் பிரதேசம். அங்கே மண்ணும் எங்கள் மண், பேச்சும் எங்கள் பேச்சு. கீற்றும் தரையும் போதும் என்று சினிமா நடத்தக்கூடிய வறண்ட மாதங்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன.

அந்த எல்லையே புதிது. 1956 நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்துப் பழைய பகுதி. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது இரண்டும் கேரளமாயின. கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் செக்போஸ்ட் வந்தது. ஆனால் கொண்டான் கொடுத்தான் உறவு செக்போஸ்ட்டைப் பார்த்து நிற்கவில்லை, சினிமாவும் நிற்கவில்லை. படத்தின் விநியோக உரிமை மட்டும் எல்லையில் நின்றது. தமிழ்ப் படத்துக்குக் கோவை ஏரியா உரிமை தனி, கேரள உரிமை தனி. கோவையில் வெளியாகி, பொள்ளாச்சியில் ஓடி முடித்து, நைந்துபோன பிரதி எங்கள் கொட்டகைக்கு வருவதற்குள் பல மாதம் ஆகும், சில படங்களுக்கு வருடமும் ஆகும். அப்படியும் கேரளத்துத் தமிழ் ஊர்களில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் கிடைத்த தமிழ்ப் படம் எங்கள் கொட்டகைப் படம்தான். அந்தியில் வாய்க்கால் கரையோரமாகக் கேரளத்துச் சனம் அரிக்கன் விளக்கோடு வரும். இங்கே கள் கிடைக்காத வருடங்களில் எங்கள் ஆட்கள் எதிர்த்திசையில் போவார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்து ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் கொள்ளும்.

எம்.ஜி.ஆர். படம் என்றால் கொட்டகைக்கு இரட்டிப்புக் கூட்டம். அவருடைய தாய் சத்தியபாமாவின் ஊரான வடவனூர், கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்தவர் என்றாலும், முதலமடை, கொல்லங்கோடு பக்கத்தில் அவரை வீட்டுப் பிள்ளையாகத்தான் பேசுவார்கள். எல்லையின் இரண்டு பக்கத்தாரும் சொந்தம் கொண்டாட ஒருவர் திரையில் இருந்தது இந்தக் கொட்டகைகளுக்குப் பெரிய பலம்.

வரியும் எல்லையில் மாறியது. கேரளத்தில் கேளிக்கை வரி, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சிக்குப் போய்ச் சேரும் வரி. பஞ்சாயத்துக்கு அது வருமானம். இங்கே 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு வசூலித்தது. கிராமத்துக் கொட்டகைகளுக்கு, டிக்கெட் டிக்கெட்டாக எண்ணாமல் இத்தனை இருக்கைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டும் ஏற்பாடும் வந்தது. கூட்டம் நிறைந்த நாளில் அது கொட்டகைக்காரருக்கு அனுகூலம். மழையில் ஈ ஓட்டிய வாரத்திலும் அதே தொகையைக் கட்டியாக வேண்டும்.

கொட்டகையில் எல்லாமே ஒரு பெட்டியைச் சுற்றித்தான் நடந்தது. தகரப் பெட்டிக்குள் படச்சுருள்கள். பஸ்ஸின் கூரையில் வரும் அந்தப் பெட்டிக்காகப் பிற்பகலிலிருந்தே பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகள் காத்துக் கிடப்பார்கள். பால் ஊற்றிவிட்டு வரும் பெரியவர்கள் கூட, "பெட்டி வந்துவிட்டதா, கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பெட்டி வந்தால் மாட்டுவண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, கொட்டு அடித்துக்கொண்டு நோட்டீஸ் வீசியபடி ஊர் சுற்றுவார்கள். அந்தியில் குழாய் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டுப் போடுவார்கள். அது ஊருக்குக் கொடுக்கும் தாக்கல். குறிப்பிட்ட ஒரு பாட்டு ஒலித்தால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம், அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும்.

ஒரு சுருள் 1,000 அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆகவே பதினொரு நிமிடம். இரண்டரை மணிப் படத்துக்குப் பதினான்கு சுருள் வரும். நகரத்துத் தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர் இருந்ததால் ஒன்று முடிய மற்றது தொடரும். கொட்டகையில் ஒன்றுதான். சில சுருள்களைச் சேர்த்து ஒட்டிப் பெரிதாக்கினாலும், அரை மணிக்கு ஒரு முறையாவது நிறுத்தியாக வேண்டும். அதனால் எங்களுக்கு ஒரு படத்துக்குப் பல இடைவேளைகள். முறுக்கும் கடலையும் சுக்குக் காப்பியும் விற்றவர்கள் அந்த இடைவேளைகளில்தான் பிழைத்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் எழுந்து வெளியே போய்வரவும், பக்கத்து ஊர் அத்தையைக் கண்டுபிடித்துச் சம்பந்தம் பேசவும் நேரம் கிடைத்தது. படத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படம் கட்டாயம் ஓடும். அணைக்கட்டு, வெள்ளம், பிரதமரின் வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் ஊர் அங்கேதான் முதலில் கண்ணால் கண்டது.

வெளிச்சம் வந்தது கரிக்குச்சியிலிருந்து. புரொஜெக்டரின் விளக்குப் பெட்டிக்குள் தாமிரப் பூச்சுப் பூசிய இரண்டு கரிக்குச்சிகளை எதிரெதிரே வைத்து மின்சாரம் பாய்ச்சினால் நுனிகளுக்கு நடுவே கண் கூசும் பொறி நின்று எரியும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், திரை மஞ்சளாக மங்கும். ஆபரேட்டர் ஒரு கையால் குமிழைத் திருகித் திருகிக் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கண் அயர்ந்தால் கூட்டம் சீட்டி அடித்து எழுப்பிவிடும். காலையில் ஆபரேட்டர் அறைக்குப் பின்னால் போனால், எரிந்து மீந்த குச்சித் துண்டுகளும் அறுந்த பிலிம் துண்டுகளும் கிடக்கும். செம்பு நிறத்தில் மினுங்கும் அந்தக் குச்சிக்குப் பிள்ளைகளிடையே பெரிய மதிப்பு. பிலிம் துண்டை வைத்து நாங்களே படம் காட்டினோம். பீஸ் போன பல்பின் அடியை உடைத்துத் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை இருட்டறைக்குள் திருப்பினால், அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) வேட்டியில் ஒரு முகம் தலைகீழாகத் தெரியும். பிலிமைத் திருப்பிப் பிடித்தால் நேராகிவிடும்.

ஹாலிங்ஸ்ஹெட்டைத் தொல்லைப்படுத்திய ஒலி எங்களுக்கு வரமாக இருந்தது. தட்டிக்கு வெளியே ஒரு சோளக்காட்டைத் தாண்டி எங்கள் தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. அம்மாவின் அம்மாவான அமுச்சிக்கு முழங்கால் வலி, கொட்டகைக்கு வரமாட்டாள். வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டே படம் முழுவதையும் காதால் கேட்பாள். ஒரே படம் பல நாள் ஓடுவதால் வசனம் மனப்பாடம். படம் பார்த்துவிட்டு வந்த எங்களிடம், "அவன் அந்த இடத்தில் இரைந்து பேசும்போது அவள் அழுதாளா, சும்மா நின்றாளா?" என்று கேட்பாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான். அமுச்சியைப் போல, டிக்கெட் வாங்காமல் கட்டிலிலும் திண்ணையிலும் கிடந்து படம் கேட்டவர்கள் ஒவ்வொரு கொட்டகையைச் சுற்றியும் இருந்தார்கள்.

ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி சொன்ன ஒரு கருத்து இங்கே பொருந்தும். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை நிகழ்ச்சி பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, கொடுத்த காசு என்றார் அவர். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் தனிக் குவளை இருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஊரில், தரை டிக்கெட் வாங்கிய எவரும் எவர் பக்கத்திலும் மணலில் உட்காரலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. வெளியே போனதும் பழைய வழக்கம் திரும்பிவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் படம் ஓடும் நேரத்துக்கு அந்த இருட்டு ஒரு காரியம் செய்தது. டிரைவ்-இன்னில் குடும்பம் குடும்பமாகக் காருக்குள் அடைந்திருந்தார்கள், பக்கத்துக் காரில் யார் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. இந்த ஒரு விஷயத்தில் கொட்டகை உயர்ந்தது என்பதே என் எண்ணம்.

கொட்டகை என்றாலே இனிப்பாகப் பேசுகிறவர்கள் தூத்துக்குடியை மறந்துவிடக் கூடாது. 1979இல் அங்கே ஒரு கீற்றுக் கொட்டகைத் தியேட்டரில் தீப் பிடித்து நூறு பேர் அளவுக்கு மாண்டார்கள். பழைய நைட்ரேட் பிலிம் 1950களிலேயே வழக்கொழிந்து, எளிதில் தீப்பற்றாத பிலிம் வந்துவிட்டது என்றாலும், காய்ந்த கீற்றுக்கு ஒரு பீடி நெருப்பு போதும். 2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு, பொதுமக்கள் கூடும் இடத்தில் கீற்றுக் கூரை என்றாலே அதிகாரிகள் ஒப்புக்கொள்வதில்லை. அது நியாயமானதுதான்.

ஆனால் அதற்கு வெகுமுன்பே கொட்டகைகள் சாயத் தொடங்கிவிட்டன. 1960களில் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்தது. கடலையும் சோளமும் விளைந்த மானாவாரிக் காடுகள் படிப்படியாகத் தென்னந்தோப்புகளாக மாறின. பொள்ளாச்சி வட்டாரத்துக்கு அது வாழ்வு கொடுத்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெள்ளாமை எடுத்த காடு வருடத்தில் சில மாதம் சும்மா கிடக்கும், தென்னை வைத்த காடு என்றைக்குமே சும்மா கிடப்பதில்லை. கொட்டகை போட இடம் கேட்டு வந்தவருக்கு நிலக்காரர் காட்ட ஒரு காலிக் காடு இல்லாமல் போயிற்று. கொட்டகை வேயக் கீற்று மலிந்த அதே காலத்தில் கொட்டகைக்கு நிலம் அருகியது. தோப்பாகாமல் தப்பிய சாலையோர நிலங்களில், பின்னால் வந்த வருடங்களில் மனைக்கல் நட்டார்கள். ஒரு சென்ட் இன்ன விலை என்று பேச்சு வந்துவிட்ட இடத்தில், தரை டிக்கெட் வசூலை நம்பி யார் குத்தகை கொடுக்க முடியும்?

அமெரிக்காவிலும் நடந்தது இதுதான். ஊருக்கு வெளியே இருந்த டிரைவ்-இன்னை ஊர் வளர்ந்து வந்து சூழ்ந்துகொண்டது. ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், இரவில் மட்டும்தான் சம்பாத்தியம், பல இடங்களில் கோடையில் மட்டும்தான். அந்த நிலத்துக்குக் கடைவளாகம் கட்டுகிறவர் கொடுக்கும் விலையை எந்தப் படத்தின் வசூலும் எட்டாது. 1970களின் எண்ணெய் நெருக்கடி, சின்னக் கார்கள், வீடியோ எல்லாம் பிறகு சேர்ந்துகொண்டன. இன்று அங்கே ஏறத்தாழ முந்நூறுதான் மிச்சம்.

இருட்டும் போயிற்று. சாலைச் சந்திப்புகளில் சோடியம் விளக்கு, தோப்புக்குத் தோப்பு பம்புசெட் விளக்கு, ராத்திரி முழுவதும் லாரி வெளிச்சம். டி.வி. வந்தது இதற்கெல்லாம் மேலாக. 1975இல் சென்னையில் தொடங்கிய தூர்தர்ஷன் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர 1980கள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படம் வந்ததும் கொட்டகையின் ஞாயிறு வசூல் போனது. வாடகை வீடியோ வந்தது. 1993இல் சன் டி.வி.யும் ஏஷ்யாநெட்டும் தொடங்கிய பிறகு, மணலில் உட்கார்ந்து பழைய பிரதியைப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கூட்டம் குறைந்தபோது குத்தகை உயர்ந்தது. இரண்டும் சேர்ந்துதான் கொட்டகையைச் சாய்த்தன, ஒன்று மட்டும் என்றால் தாங்கியிருக்கும். ஓரிரண்டு இடங்களில் தகரக் கூரை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர்களும், 2010களில் பிலிம் பிரதி போடுவதே நின்று எல்லாம் டிஜிட்டல் ஆனபோது மூடிவிட்டார்கள்.

இந்தியாவிலும் டிரைவ்-இன் வந்தது. ஆமதாபாத்தில் 1973இல் திறந்தது இன்றும் பெயர் சொல்கிறது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரார்த்தனா இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து மகனையோ மகளையோ பார்க்கச் சென்னைக்குப் போனவர்கள் அதைத் திருவிழா மாதிரி வந்து சொல்வார்கள். அங்கே போனவர்கள் பலர் காருக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. காரைத் திரைப் பக்கம் நிறுத்திவிட்டு இறங்கி, பாயை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்துவிட்டார்கள். கார் இல்லாதவர்களுக்கு நாற்காலி வரிசையும் உண்டு. கார் தியேட்டர் நம் மண்ணுக்கு வந்ததும் கொட்டகையாகிவிட்டது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதுவும் சில ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்டது. கடற்கரைச் சாலையில் அவ்வளவு பெரிய நிலத்தை இரவுக் காட்சிக்காக மட்டும் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது விலைவாசி தெரிந்த எவருக்கும் புரியும்.

திறந்தவெளியில் கூடிப் படம் பார்க்கும் ஆசை இந்தப் பக்கத்தில் வற்றிவிடவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு லாரியில் எல்.இ.டி. திரை வருகிறது, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கோயில் திடலில் ஊரே கூடுகிறது. எல்.இ.டி. திரைக்கு இருட்டுக்கூடத் தேவையில்லை, அந்தி வெளிச்சத்திலேயே தெரியும். கீற்றும் வேண்டாம், தீப் பயமும் இல்லை. மூன்று தேவைகளில் ஒன்று கழிந்துவிட்டது. மழையும் காற்றும் இல்லாத மாதங்கள் தை முதல் சித்திரைவரை இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. மீதி இருப்பது நிலம். வாடகை பேசாமல் கிடைக்கக்கூடிய திறந்த நிலம் எல்லைக்கு இரண்டு பக்கமும் இப்போது கோயில் திடலும் அரசுப் பள்ளி மைதானமும்தான். கொழிஞ்சாம்பாறையிலும் கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் பஞ்சாயத்துகள் மாதம் ஒரு சனிக்கிழமை அவற்றைத் திறந்துவிட்டு, தமிழ்ப் படம் ஒன்றும் மலையாளப் படம் ஒன்றுமாகப் போட்டால், பாயும் முறுக்கும் சனங்களே கொண்டுவந்துவிடுவார்கள்.